கேரவன் வண்டியின் கழிவுநீர் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கேரவன் சுற்றுலாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியில் மலைப் பகுதிகளைச் சுற்றுவது எவ்வளவு வசதி என்று விரிவாக எழுதியிருந்தார்கள். படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் அந்தக் கழிப்பறையிலிருந்து போவது கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஊட்டி பணிமனையில் நெடுங்காலம் வேலை. மகன் கனடாவில் கால்கரியில் இருக்கிறான். 2025 ஆகஸ்டில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தபோது, நாம் கேரவன் என்று சொல்லும் மோட்டார் ஹோம் ஒன்றை மகன் வாடகைக்கு எடுத்தான். கால்கரியிலிருந்து பான்ஃப், ஜாஸ்பர் தேசியப் பூங்காக்கள் வழியாக ராக்கி மலைத்தொடரைக் கடந்து, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்குப் பகுதியில், அலாஸ்கா எல்லையில் இருக்கும் ஸ்டூவர்ட் என்ற சின்ன ஊர் வரைக்கும் குடும்பத்தோடு போய் வந்தோம். வழி முழுக்க மலை, காடு, பனிப்பாறை. அந்த அழகை விவரித்து எழுத எனக்கு வராது. வண்டியைப் பற்றி எழுத வரும்.

ஃபோர்டு இ-450 சேசிஸில் கட்டிய வண்டி. பெட்ரோல் என்ஜின். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். டிரைவர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒன்று, நடுவில் மேசையை மடக்கினால் இன்னொன்று. வண்டியை ஒப்படைத்த பெண் என்ஜினைப் பற்றிச் சொன்னது மிகக் குறைவு. அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டது அடியில் இருக்கும் மூன்று தொட்டிகளை விளக்கத்தான். ஒன்று நல்ல தண்ணீர். இன்னொன்று பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேரும் கிரே டேங்க். மூன்றாவது கழிப்பறைக்கு உரிய பிளாக் டேங்க். உள்ளே அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பலகை. பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு தொட்டியும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று விளக்கு எரியும். நாங்கள் போன வழியெல்லாம் எங்கே தங்குவது, எத்தனை பேர் குளிப்பது, எப்போது கிளம்புவது என்பதையெல்லாம் அந்த விளக்குதான் முடிவு செய்தது.

காரணம், அங்கே அந்தத் தொட்டிகளை நினைத்த இடத்தில் திறந்துவிட முடியாது. பிளாக் டேங்கை மட்டும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட மண்ணில் விடக் கூடாது. அதற்கென்று கட்டிய இடத்துக்குப் போக வேண்டும். சானி-டம்ப் என்பார்கள். பான்ஃப் பூங்காவுக்குள் இருக்கும் லேக் லூயிஸ் முகாமில் நான் முதலில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் யாராவது கட்ட நினைத்தால் இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

வண்டி ஏறி நிற்கும் அளவுக்கு ஒரு கான்கிரீட் தளம். நாலு பக்கமும் நடுவை நோக்கிச் சரிவு. நடுவில் ஒரு துளை, அதற்கு இரும்பு மூடி. காலால் மிதித்தால் திறக்கும். பக்கத்தில் ஒரு குழாய், அதன்மேல் 'குடிக்க உகந்ததல்ல' என்று பலகை. குடிதண்ணீர் பிடிக்கும் குழாய் அங்கிருந்து தள்ளி வேறு இடத்தில். அவ்வளவுதான். முன்னால் நாலைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. எங்களுக்கு முந்தி நின்றவர் மனைவியோடு கனடாவின் கிழக்குக் கோடியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்த பெரியவர், என் வயதுதான் இருக்கும். ரப்பர் கையுறையை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தடித்த குழாயை வண்டியில் மாட்டித் திருகி, மறுமுனையைத் துளைக்குள் செருகி, அது நழுவாமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தார். முதலில் பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தார். அது முழுக்க வடிந்த பிறகு அதை மூடிவிட்டு, கிரே டேங்கைத் திறந்தார். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால் குழாய் தானாகக் கழுவப்பட்டுவிடும், அதனால்தான் அந்த வரிசை. குழாயின் முழங்கை போன்ற பகுதி கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்கில் செய்தது. உள்ளே ஓடுவது தெளிந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தளத்தில் சிந்திய நாலு சொட்டையும் தண்ணீர் விட்டுத் துளைக்குள் தள்ளி, மூடியை மூடி, பின்னால் நின்ற எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார். யாரும் அவரைக் கண்காணிக்கவில்லை. அவசரப்படுத்தி ஹாரன் அடிக்கவும் இல்லை.

நாற்பது ஆண்டு கிரீஸிலும் டீசலிலும் கை வைத்தவன் நான். ஒருவன் தன் வேலையை மதிக்கிறானா என்பது அவன் வேலை முடிந்தபின் இடத்தை விட்டுப்போகும் விதத்தில் தெரிந்துவிடும். அந்தப் பெரியவர் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது. எங்கள் முறை வந்தபோது மகனை விலகச் சொல்லிவிட்டு நானே கையுறையை மாட்டிக்கொண்டேன்.

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை போகும் சாலைக்கு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்று பெயர். சுமார் 230 கிலோமீட்டர். 1931-இல், பொருளாதார மந்தக் காலத்தில், வேலையில்லாதவர்களை வைத்து வெட்டத் தொடங்கி 1940-இல் திறந்த சாலை. சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை. வேக வரம்பு 90. நடுவில் சஸ்காச்சுவன் ரிவர் கிராஸிங் என்ற ஓரிடத்தில் மட்டும் பெட்ரோல் கிடைக்கும். குளிர்காலத்தில் அதுவும் கிடையாது. செல்போன் சிக்னல் பெரும்பாலும் இல்லை. சாலையோரத்தில் இரவு வண்டியை நிறுத்தித் தூங்கக் கூடாது, முகாமுக்குத்தான் போக வேண்டும். பார்வை இடங்களில் கழிப்பறைகள் உண்டு, ஆனால் தண்ணீர் இல்லாதவை. கீழே தொட்டி, லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அத்தனை ஆறும் அருவியும் கண்ணெதிரே ஓடும் இடத்தில் கழிப்பறைக்கு ஒரு சொட்டுத் தண்ணீரை எடுப்பதும் இல்லை, திருப்பி விடுவதும் இல்லை.

ஏன் இத்தனை கண்டிப்பு என்பது கொலம்பியா பனிவெளிக்குப் போனபோது விளங்கியது. சாலை அங்கே பிக் பெண்ட் என்ற ஒரே பெரிய வளைவில் திரும்பிச் செங்குத்தாக ஏறுகிறது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிய வண்டிகளைப் பழுது பார்த்தவனுக்கு அது பெரிதில்லை என்றாலும், அந்த எடையோடு ஏறும்போது என்ஜின் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே சன்வாப்டா கணவாய், 2,000 மீட்டருக்குச் சற்று மேல். பான்ஃப் பூங்கா முடிந்து ஜாஸ்பர் பூங்கா தொடங்கும் இடம். இறங்கினால் இடது கைப் பக்கம் அதபாஸ்கா பனிப்பாறை, சாலையிலிருந்தே தெரியும்.

அந்தப் பனிவெளியில் ஸ்னோ டோம் என்றொரு சிகரம், 3,456 மீட்டர். அதன் தலையில் விழும் பனி உருகினால் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பொறுத்து மூன்று சமுத்திரங்களில் ஒன்றுக்குப் போகிறது. வடக்கே சரிந்தால் சன்வாப்டா, அதபாஸ்கா ஆறுகள் வழியாக, கடைசியில் மெக்கன்சி ஆற்றில் சேர்ந்து ஆர்க்டிக் கடல். கிழக்கே என்றால் வட சஸ்காச்சுவன் ஆறு, ஹட்சன் விரிகுடா, அப்புறம் அட்லாண்டிக். மேற்கே என்றால் கொலம்பியா ஆறு, பசிபிக். எட்மன்டன் நகரம் குடிப்பது அந்த வட சஸ்காச்சுவன் தண்ணீர். என் மகன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரிலும் பெரும் பங்கு, நாங்கள் வழியில் பார்த்த போ பனிப்பாறைக்கு அடியில் பிறக்கும் போ ஆற்றுடையது. எங்கள் வண்டி அந்த ஆறுகளின் தலைமாட்டில், நிறைந்த தொட்டிகளோடு, போய்க்கொண்டிருந்தது. ஒரு வால்வு கசிந்தால் யார் வீட்டுக் குடத்துக்குப் போகும் என்று அன்றைக்கு மனசில் பதிந்தது. ராத்திரி முகாமில் டார்ச் அடித்து இரண்டு வால்வுகளையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். அதன் பிறகு தினமும் அப்படித்தான்.

அதபாஸ்கா பனிப்பாறையின் முனைக்கு நடந்து போக ஒரு பாதை உண்டு. வழியில் வருடம் எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். அந்தந்த வருடத்தில் பனிப்பாறை அந்த இடம் வரை இருந்தது என்று அர்த்தம். 1840-களில் அது பள்ளத்தாக்கின் குறுக்கே, இன்றைக்குப் பார்வையாளர் மையம் இருக்கும் எதிர்ப்பக்கம் வரை நீண்டு கிடந்ததாம். கடந்த 125 ஆண்டுகளில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது, கன அளவில் பாதியை இழந்துவிட்டது. 1982 என்று எழுதிய பலகை அருகே நான் நின்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அது. அங்கிருந்து பனி இருக்கும் இடத்துக்கு இன்னும் வெகுதூரம் ஏற வேண்டியிருந்தது. என் மனைவி மூச்சு வாங்கி, ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க சர்வீஸ்ல இருந்த காலத்துக்குள்ள இவ்வளவு தூரமா போயிடுச்சு?" என்று கேட்டார். பனிமேலிருந்து கீழ்நோக்கி அடிக்கும் காற்று ஆகஸ்டிலும் காதை அறுத்தது. தரை முழுக்கப் பனிப்பாறை அரைத்துப் போட்ட கல்லும் பொடியும். அடியிலிருந்து ஓடி வரும் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. பாறையை மாவாக அரைத்துக்கொண்டு வருவதால் அந்த நிறம். இதே மாதிரி மாவுதான் ஏரித் தண்ணீரில் மிதந்து, வெயில் பட்டு, இந்தச் சாலையிலேயே முன்னால் வரும் பேட்டோ ஏரிக்கு அதன் நீலப்பச்சை நிறத்தைக் கொடுக்கிறது. தடுப்புக் கயிற்றைத் தாண்டி யாரும் பனிமேல் ஏறக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. மேலே பனி மூடி மறைத்த பிளவுகளில் விழுந்து, மீட்பதற்குள் குளிரிலேயே இறந்தவர்கள் உண்டு. அப்படியும் சிலர் தாண்டிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் கரடி விஷயம். கிரே டேங்கைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், இதுவும் ஒரு காரணம். நாம் சமைக்கிற சாம்பார், ரசம், வதக்கின வெங்காயம் இவற்றின் வாசம் பாத்திரம் கழுவிய தண்ணீரிலும் இருக்கும். அதை வண்டிக்குப் பக்கத்தில் ஊற்றினால், ராத்திரி கரடிக்கு அழைப்பு அனுப்பினதாக ஆகிவிடும். முகாமில் வெளிமேசையில் சாப்பிடுகிற பொருள் எதுவும் கிடக்கக் கூடாது. சமைத்த பாத்திரம், நாய்க்குச் சாப்பாடு வைக்கிற தட்டு, காலி குளிர்பெட்டி எதுவானாலும் உள்ளே பூட்ட வேண்டும். பக்கத்து இடத்தில் ஒரு குடும்பம் குளிர்பெட்டியை வெளியே வைத்துவிட்டு நடக்கப் போயிருந்தது. ரோந்து வந்த பூங்கா ஊழியர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, மேசையில் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போனார். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. குப்பைத் தொட்டிகளும் கனத்த இரும்பு. கைப்பிடிக் கூட்டுக்குள் விரலை விட்டு உள்ளிருக்கும் கொக்கியை அழுத்தினால்தான் திறக்கும். கரடியின் பாதம் அதற்குள் நுழையாது. அந்தக் கொக்கியைப் பலமுறை திறந்து மூடிப் பார்த்தேன், எளிமையான, உறுதியான வேலை. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டிய நிலை வரும் என்பதால்தான் இவ்வளவு கெடுபிடி. கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசத்துக்குக் கோயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் கரடி வருவதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜாஸ்பரை நெருங்கும்போது மலைச்சரிவெல்லாம் கறுத்த மரங்கள். 2024 ஜூலையில் வந்த காட்டுத்தீயில் அந்த ஊரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. அங்கே பார்த்ததைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. வேலி போட்ட வெற்று மனைகள், நடுவில் தப்பித்த வீடுகள், எரிந்த மரங்களின் அடியில் ரோஸ் நிறப் பூச்செடிகள். கடைக்காரர்கள் எங்களை அன்போடு வரவேற்றார்கள்.

அங்கிருந்து 16-ஆம் நெடுஞ்சாலை. கனடா பக்கத்து ராக்கியிலேயே உயரமான ராப்சன் சிகரத்தைக் கடந்து, பிரின்ஸ் ஜார்ஜ் ஊருக்குப் போய், இன்னும் மேற்கே கிட்வாங்கா வரை. இந்த நீண்ட வழியிலும் தொட்டியைக் காலி செய்ய நாங்கள் தவிக்கவே இல்லை. மாகாணப் பூங்கா, பெட்ரோல் பங்க், நகராட்சி முகாம் என்று எங்காவது ஒன்று இருந்தது. வழிகாட்டிப் பலகையிலேயே அதற்கொரு சின்னம் போட்டிருப்பார்கள். சில இடங்களில் சில டாலர் கட்டணம். கிட்வாங்காவில், கிட்சான் பழங்குடி மக்களின் உயரமான மரச் சிற்பத் தூண்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, வடக்கே 37-ஆம் நெடுஞ்சாலையில் திரும்பினோம். அதற்குமேல் வண்டி நடமாட்டம் குறைவு. சாலையோரப் புல்லை மேய்ந்துகொண்டு கறுப்புக் கரடிகள். வண்டியை நிறுத்தாமல், வேகத்தைக் குறைத்துக் கடந்தோம்.

மெசியாடின் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பினால் 37-ஏ. ஸ்டூவர்ட்டுக்குச் சுமார் 65 கிலோமீட்டர். இந்தச் சாலையில்தான் பேர் கிளேசியர் என்ற பனிப்பாறை இருக்கிறது. சாலைக்கு எதிரே ஏரி, ஏரிக்கு அப்பால் நீல நிறப் பனி. 1940-கள் வரை அது அந்தக் கணவாயையே அடைத்துக்கொண்டிருந்தது; இன்று வண்டிகள் போகும் இடத்தில் அன்றைக்குப் பனி. இப்போது ஏரியையும் தாண்டி மேலே ஏறிவிட்டது. ஸ்டூவர்ட்டை ஒட்டியே ஹைடர் என்ற அலாஸ்கா ஊர் இருக்கிறது. சால்மன் பனிப்பாறைக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் இருவரிடமும் அமெரிக்க விசா இல்லை, அதனால் எல்லைப் பக்கம் போகவில்லை. ஒரு குறையும் இல்லை. பேர் கிளேசியர் எதிரில் வண்டியை நிறுத்தி மனைவி காபி போட்டார், பேத்தி அந்த நீலத்தையே படமாக வரைந்துகொண்டிருந்தாள், நான் அடியில் படுத்து வால்வைப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேரளம் 2021-இலேயே கேரவன் சுற்றுலாவை அறிவித்துவிட்டது. நம் மாநிலத்திலும் அந்தப் பேச்சு இருக்கிறது. நல்லது, வரட்டும். ஆனால் நீலகிரி போன்ற மலைக்கு இந்த வண்டிகள் ஏறும் முன்னால், அவை காலி செய்ய ஓர் இடம் இருக்க வேண்டும். நான் இப்போது வசிக்கும் மேட்டுப்பாளையத்தில் குடிப்பது பவானித் தண்ணீர். குன்னூர் ஆறு எங்கள் ஊரை ஒட்டித்தான் அதில் கலக்கிறது. மேலே ஒரு வளைவில் இருட்டில் வால்வைத் திறந்துவிட்டால் அது எங்கள் வீட்டுக் குழாய்க்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் வண்டிகள் ஏறுகின்றன. எந்த வண்டி வருகிறது என்று தெரிந்துகொள்ள வழி ஏற்கெனவே இருக்கிறது. கழிப்பறை உள்ள வண்டி என்றால், மலை இறங்கும்போது தொட்டியைக் காலி செய்த ரசீதைக் காட்டச் சொல்லலாம். அடிவாரத்தில் பாதாளச் சாக்கடையோடு இணைந்த ஒரு கான்கிரீட் தளம், ஒரு மூடி, ஒரு தண்ணீர்க் குழாய் போதும். நான் மேலே விவரித்ததைவிட அதிகமாக எதுவும் வேண்டாம். எங்கள் பணிமனைகளில் பஸ் கழுவ இதைவிடப் பெரிய தளம் கட்டியிருக்கிறோம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கேரவன் சுற்றுலா பற்றி அடுத்து எழுதும்போது, வாடகைக்கு விடுபவர்களிடமும் சுற்றுலாத் துறையிடமும் உங்கள் நிருபர் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: இந்த வண்டிகள் இப்போது எந்த ஊரில், எந்த இடத்தில் தொட்டியைக் காலி செய்கின்றன? அவர்கள் சொல்லும் இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்து, ஒரு படமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை மெக்கானிக்,
மேட்டுப்பாளையம்.